குளிர் ஊரில் சூடாகும் கணினிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையில் கணினி வாங்குவது பற்றி வரும் குறிப்புகளை விடாமல் வாசித்து வருகிறேன். எந்த புரொசசர், எவ்வளவு ரேம், எஸ்எஸ்டி போடுவதா ஹார்ட் டிஸ்க் போடுவதா என்றெல்லாம் நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனால் வாங்கிய கணினியை வீட்டில் எங்கே வைப்பது, அதற்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளையின் விசிறி எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும், காற்று எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியே வர வேண்டும் என்பது பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. நான் மலைநாட்டு ஹட்டனில் கணினி திருத்தும் தொழில் செய்கிறேன். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை என்று பல பக்கங்களில் இருந்தும் பிள்ளைகளின் கணினிகள் என் மேசைக்கு வருகின்றன. இடையில் நின்றுபோகிறது, சத்தம் போடுகிறது, பவர் சப்ளை எரிந்துவிட்டது என்று வருகிறவற்றில் நிறைய, காற்றுக் கிடைக்காமல் கெட்டவை. கடன்பட்டு வாங்கிய பொருள் இப்படி வீணாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாக இருக்கும், முழுவதையும் பிரசுரிக்க முயலுங்கள்.

எங்கள் ஊர்க் குளிரை நம்பியே பலர் கணினியை மூடி வைக்கிறார்கள். "இந்தக் குளிருக்குக் கம்பியூட்டருக்கு எதுக்கு தம்பி ஃபேன்? மனுசனுக்கே கம்பளி போதல்ல" என்று கொட்டகலையில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வருடச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். கொழும்பில் இருக்கும் கணினி 30 பாகைக் காற்றை இழுத்துக் குளிர வேண்டியிருக்கும்போது, எங்கள் கணினிக்கு அதைவிடப் பத்துப் பாகைக்கு மேல் குளிர்ந்த காற்று சும்மா கிடைக்கிறது.

ஆனால் உயரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. மேலே போகப் போகக் காற்று ஐதாகிறது. கொழும்பிலிருந்து வரும் முறுக்குப் பைக்கெட் நானுஓயாவுக்கு வந்து சேரும்போது உப்பிக்கொண்டு நிற்பது இதனால்தான். நுவரெலியாவில் ஒரு விசிறி கொழும்பில் சுற்றும் அதே வேகத்தில் சுற்றினாலும், அது தள்ளும் காற்றின் நிறை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. சூட்டைச் சுமந்து செல்வது காற்றின் நிறை. அப்படியிருந்தும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் குளிரால் வரும் லாபம் பெரிது, எங்களுக்கு வசதிதான். ஒரே நிபந்தனை, அந்தக் குளிர்ந்த காற்று கணினியின் வெளிப்பெட்டியான கேசிங்குக்குள் போக வேண்டும். அறையில் எவ்வளவு குளிர் இருந்தாலும் வழி அடைபட்டிருந்தால் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பது பழைய சூட்டுக் காற்றுதான்.

வழியை நாங்கள் எப்படி அடைக்கிறோம் என்று சொல்கிறேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயக் காம்பராவில் இடம் எவ்வளவு என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டில், அலுமாரி, தொலைக்காட்சி, பிள்ளையின் மேசை எல்லாம் போக மிஞ்சும் மூலையில்தான் கணினி போகிறது. சீமெந்துத் தரை குளிரும், மழைக்காலத்தில் ஈரம் கசியும். ஆகையால் கேசிங்குக்கு அடியில் சாக்கை நாலாக மடித்துப் போடுகிறார்கள், அல்லது பழைய கம்பளித் துண்டை விரிக்கிறார்கள். பக்கத்தை அலுமாரியோடு அணைத்து, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைக்கிறார்கள். தூசு விழக்கூடாது என்று மேலே பூ வேலை செய்த துணி. கணினியை நேசிக்கிற வீட்டில்தான் இவ்வளவும் நடக்கிறது. பொருளைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அதன் மூச்சை அடைத்துவிடுகிறோம்.

பொகவந்தலாவையில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவியின் கணினி இதற்கு நல்ல உதாரணம். காலையில் ஒழுங்காக வேலை செய்யும், இரவில் படிக்க உட்கார்ந்தால் அரை மணித்தியாலத்தில் எந்த அறிவிப்பும் இல்லாமல் அணைந்துவிடும், கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் மறுபடி வரும். பாகங்கள் எல்லாம் பூட்டும் தாய்ப்பலகையான மதர்போர்ட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு கடையில் சொல்லி, பெரிய தொகை ஒன்றையும் கேட்டிருக்கிறார்கள். தாய் பயந்துபோய் என்னிடம் கொண்டுவந்தார். என் மேசையில் பகல் முழுக்க ஓடவிட்டேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பவர் சப்ளை கேசிங்கின் அடியில், விசிறி கீழ்நோக்கி. கீழே சாக்கு. சுவருக்கு மறுபக்கம் அடுப்பு. இரவுச் சமையல் நேரத்தில் சுவர் சூடாகும், அதே நேரத்தில் பிள்ளை படிக்க உட்காருவாள். பின்பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தால் வருகிற கொஞ்சக் காற்றும் கொதித்தது. மதர்போர்டில் ஒரு குறையும் இல்லை. சாக்கை எடுத்துவிட்டு, இரண்டு அங்குல மரத்துண்டுகளை இரண்டு பக்கமும் கொடுத்து, கணினியை ஜன்னல் பக்கச் சுவருக்கு மாற்றினோம். அன்றைக்குப் பிறகு அது நிற்கவில்லை. பவர் சப்ளையில் அதிக சூட்டுக்கு அணைந்துவிடும் பாதுகாப்பு இருந்ததால் அந்தப் பிள்ளை தப்பினாள். விலை குறைந்த பல பவர் சப்ளைகளில் அதுவும் இருப்பதில்லை, அவை நேராக எரிந்துபோகும்.

பவர் சப்ளை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்களாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. மாற்றும்போது ஒரு பகுதி சூடாக வீணாகிறது. கிராபிக்ஸ் கார்ட் போட்ட ஒரு கணினிக்கு உள்ளே 300 வாட் தேவை, பவர் சப்ளையின் திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சுவரில் இருந்து எடுப்பது 353 வாட். மிச்சமுள்ள 53 வாட் அந்தச் சின்னத் தகரப் பெட்டிக்குள்ளேயே சூடாகிறது. அதை வெளியே கொண்டுபோகத்தான் விசிறி. இப்போது வரும் பெரும்பாலான பவர் சப்ளைகளில் ஒரு முகத்தில் 120 மில்லிமீற்றர் விசிறி இருக்கும். அது காற்றை உள்ளே இழுக்கும், இழுத்த காற்று பின்பக்க வலைத் துளைகளால் வெளியே போகும். அதாவது விசிறி இருக்கும் முகம் காற்று நுழையும் வாசல். பலர் விசிறி வெளியே ஊதுகிறது என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டர்கள்தான் சூட்டில் முதலில் சாகும். அவற்றின் வேலை வெப்பநிலை 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆகவே அடியில் சாக்குப் போட்டு 20 பாகை கூட்டி வைத்தால், எட்டு வருடம் உழைக்க வேண்டியது இரண்டு வருடத்தில் போய்விடலாம்.

சரி, விசிறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? இதற்கு ஒரே பதில் கிடையாது, கேசிங்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பவர் சப்ளை அடியில் பூட்டும் கேசிங்காக இருந்து, அடித்தகட்டில் காற்றுத் துளைகளும் தூசைத் தடுக்கும் வலையான வடியும் இருந்தால், விசிறி கீழ்நோக்கி இருப்பது மிக நல்லது. அறையின் குளிர்ந்த காற்றை நேராக எடுத்து நேராகப் பின்னால் விட்டுவிடும், புரொசசரின் சூட்டோடு அதற்குச் சம்பந்தமே இருக்காது. எங்கள் மலைநாட்டில் இதுதான் கூடுதல் லாபம், ஏனென்றால் எங்கள் அறைக் காற்றே குளிர்ந்தது. அடியில் துளையே இல்லாத கேசிங்காக இருந்தால் கீழ்நோக்கிப் பூட்டக்கூடாது. தகரத்தை முகத்தில் அப்பியது மாதிரி ஆகிவிடும். அப்போது மேல்நோக்கித் திருப்பி, கேசிங்குக்குள் இருக்கும் காற்றை எடுக்கவிட வேண்டும். பழைய கேசிங்குகளில் பவர் சப்ளை மேலே இருக்கும். அதில் விசிறி எப்போதும் கீழே, புரொசசர் பக்கம் பார்க்க வேண்டும், மேல்தகட்டில் துளை இருக்காது. பாவித்த பழைய கணினிகள் சிலவற்றில் பவர் சப்ளையின் விசிறிதான் சூட்டை வெளியேற்றும் ஒரே விசிறியாகவும் இருக்கும் என்பதை மறந்துவிடக்கூடாது.

தோட்டத்து வாசகர்களுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் தொட்டியைச் சொன்னால் உடனே விளங்கும். அடியில் இருந்து பெரிய விசிறி காற்றைத் தள்ளுகிறது, காற்று வலையில் பரப்பிய கொழுந்தின் ஊடாக ஏறிப் போகிறது. கொழுந்தை அளவுக்கு மேல் குவித்தால், அமுக்கினால், விசிறி எவ்வளவு ஓடினாலும் காற்று ஏறாது, நடுவில் இருக்கும் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். கணினியிலும் விசிறியின் பலத்தைவிடக் காற்றுக்குத் திறந்த வழி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். வாசல் இரண்டும் திறந்திருக்க வேண்டும், நுழையும் வாசலும் போகும் வாசலும்.

கடைகளில் பொருத்தித் தரும்போது நடக்கும் தவறுகளைச் சொல்லியாக வேண்டும். என் கைக்கு வந்தவற்றில் அதிகமாகக் கண்டது, பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் எழுத்து நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பவர் சப்ளையைத் திருப்பிப் பூட்டியிருப்பது. எழுத்து நேரா தலைகீழா என்பதற்கும் காற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பவர் சப்ளை தலைகீழாக இருந்தாலும் அதே மாதிரி வேலை செய்யும், உள்ளே ஊற்றிக் கொட்டும் எதுவும் கிடையாது. இன்னொன்று, வயர் எட்டவில்லை என்று மேலே பூட்டும் கேசிங்கில் விசிறியை மேல்தகட்டுக்குத் திருப்பிவிடுவது. இது கணினியின் கழுத்தை நெரிக்கும் வேலை. மூன்றாவது வகை இப்போது புதிதாக வருகிறது. கண்ணாடிப் பக்கம் வைத்த அழகான கேசிங்குகளில் பவர் சப்ளையை மறைக்க ஒரு தகர மூடி இருக்கும். அந்த மூடியின் மேல்பக்கத்தில் துளை இல்லாவிட்டால், விசிறியை மேல்நோக்கி வைப்பதில் அர்த்தமே இல்லை. மூடியைப் பார்த்தபடி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். அந்தக் கேசிங்கில் கீழ்நோக்கித்தான் வைக்க வேண்டும். பவர் சப்ளையின் நாலு ஸ்க்ரூ துளைகளும் ஒரே சீராக அமைந்தவை அல்ல, ஆகையால் சில கேசிங்குகளில் ஒரு விதமாக மட்டும்தான் பூட்ட முடியும். வாங்க முன் பின்பக்கத்தைப் பார்த்து, இரண்டு விதத்துக்கும் துளை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை, காசு உங்களுடையது.

இதில் மாறாத சட்டம் எதுவும் இல்லை என்பதற்குப் பழைய கதை ஒன்றும் இருக்கிறது. 1995-இல் இன்டெல் நிறுவனம் இன்றைக்கும் நாங்கள் பாவிக்கும், கணினிப் பாகங்களைப் பொருத்தும் முறையான ஏடிஎக்ஸ் அமைப்பை வெளியிட்டபோது, பவர் சப்ளையின் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்துப் புரொசசர் மேல் ஊத வேண்டும் என்பதே யோசனையாக இருந்தது. ஊதும் காற்று பவர் சப்ளைக்குள்ளேயே சூடாகி வந்தது, தூசியையும் கொண்டுவந்தது, புரொசசர்களோ வருடத்துக்கு வருடம் கூடுதலாகச் சூடாகின. ஆகவே அதைக் கைவிட்டு, பவர் சப்ளை காற்றை வெளியே தள்ளுவதே வழக்கமாயிற்று. பிறகு 2000-களில் பவர் சப்ளையே மேலே இருந்து கீழே இறங்கியது. ஆக, கணினியின் சூடு எங்கே பிறக்கிறது, காற்று எங்கே கிடைக்கிறது என்பதைப் பார்த்து ஒவ்வொரு காலத்திலும் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று நாங்களும் பார்ப்பதில் தவறில்லை.

எப்போதும் மேல்நோக்கித்தான் வைக்க வேண்டும் என்று சொல்லும் தொழில்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம், தரையில் இருக்கும் தூசு உள்ளே போகாது, கேசிங்குக்குள் இருக்கும் சூட்டையும் பவர் சப்ளை சேர்த்து வெளியே தள்ளும் என்பது. அதில் உண்மை உண்டு. ஆனால் கிராபிக்ஸ் கார்ட் பவர் சப்ளைக்கு நேர் மேலே இருக்கும்போது, அதன் சூட்டைப் பவர் சப்ளை குடிக்கிறது, இரண்டும் ஒரே காற்றுக்குப் போட்டி போடுகின்றன. கையில் இருந்து நழுவும் ஸ்க்ரூ நேராகப் பவர் சப்ளைக்குள் விழும் ஆபத்தும் இருக்கிறது. கரப்பான் பூச்சியும் பல்லியும் சூட்டைத் தேடி வரும் ஊர் எங்களுடையது. என் தீர்ப்பு இதுதான்: அடியில் துளையும் வடியும் இருந்து, தரையில் இருந்து தூக்கி வைக்க முடியுமானால் கீழ்நோக்கி. தரையில்தான் வைப்பேன், சாக்கை எடுக்க மாட்டேன் என்பவர்கள் மேல்நோக்கி வைத்துக்கொள்ளட்டும், அதற்கு மூடியில் துளை இருக்க வேண்டும்.

மற்ற விசிறிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பக்கத்தால் காற்று உள்ளே வர வேண்டும், பின்பக்கத்தாலும் மேற்பக்கத்தாலும் வெளியே போக வேண்டும். சாதாரண கேசிங் விசிறியில் இதழ்கள் திறந்து தெரியும் பக்கத்தால் காற்று நுழையும், மோட்டாரைத் தாங்கும் சட்டங்கள் இருக்கும் பக்கத்தால் வெளியேறும். பின்னால் பூட்ட வேண்டிய விசிறியை மாற்றிப் பூட்டி, அது சுவர்ப் பக்கத்துச் சூட்டுக் காற்றையே திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். பின்பக்கத்தில் கார்ட் பூட்டும் இடங்களின் தகரங்கள் கழன்று கிடந்தால், பழைய கேசிங் ஒன்றில் இருந்து எடுத்தாவது மூடிவிடுங்கள், பூச்சி நுழைவது அந்த வழியால்தான்.

எங்கள் பக்கத்துத் தூசுக்குத் தனிக் குணம் இருக்கிறது. கொழும்புத் தூசை ஊதினால் பறக்கும். விறகடுப்புப் புகை படிந்த தூசு பறக்காது, ஒட்டிக்கொள்ளும். மழைக்கால ஈரமும் சேர்ந்தால் வடியில் கறுப்புப் பசையாகவே ஆகிவிடும், பிரஷ் இல்லாமல் வராது. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகக் கணினிகளில் வேறு விதம். தேயிலை சலிக்கும் இடத்தில் இருந்து பறந்து வரும் மென்மையான பஞ்சு, வடியில் கம்பளி மாதிரி படிந்து நிற்கும். வெளியே பார்த்தால் கணினி சுத்தமாகவே இருக்கும். வடியை இழுத்து எடுத்தால்தான் தெரியும். வடி பின்பக்கமாக வரும் கேசிங்கைச் சுவரோடு ஒட்டி வைத்தால் ஒருநாளும் அதை எடுக்க மாட்டார்கள். ஆகவே பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், சூட்டுக் காற்று போகவும் அது வேண்டும். சமைக்கும் வீட்டில் மாதத்துக்கு ஒரு தடவை வடியைக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஈரத்தோடு போடக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. பவர் சப்ளையைத் திறக்க வேண்டாம். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது ஆளைக் கொல்லக்கூடிய அளவு. யூடியூப்பில் பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் தடுக்க வேண்டும். வெளியே இருந்து துளைகளுக்கு மட்டும் காற்றடித்தால் போதும். அடிக்கும்போது விசிறி இதழை ஒரு ஈர்க்கால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றிக் கெட்டுவிடும்.

கரண்ட் பற்றியும் ஒன்று. மாலையில் எல்லா வீட்டிலும் அடுப்பும் கேத்தலும் போடும் நேரத்தில் சில தோட்டங்களில் விளக்கு மங்குவது எல்லாருக்கும் தெரியும். வோல்ட் குறையும்போது பவர் சப்ளை அதே வேலையைச் செய்யக் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது, அதனால் கூடுதலாகச் சூடாகிறது. பிள்ளைகள் படிப்பது அதே மாலையில்தான். ஏற்கெனவே காற்றில்லாமல் திணறும் பவர் சப்ளைக்கு இது இன்னொரு சுமை. நோட்டன் பிரிட்ஜிலும் லக்சபானையிலும் எங்கள் ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் பிறந்து நாடெல்லாம் போகிறது. அதற்கு மிக அருகில் இருக்கும் லயங்களில் விளக்கு மங்குகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. அது தனிக் கடிதத்துக்கு உரிய விஷயம், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

பாடசாலைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தோட்டப் பாடசாலைகளுக்கு நல்ல மனம் கொண்டவர்கள் கணினிகள் கொடுக்கிறார்கள். அவை வந்து இறங்கும் அறைகளில் பெரும்பாலும் மேசைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி மாதிரி அடைப்பு இருக்கும், கேசிங் அதற்குள் போகும். முன்னால் கதவு, பின்னால் பலகை. களவு போகாமல் இருக்க இப்படிச் செய்கிறார்கள், அந்தப் பயமும் நியாயமானதே. ஆனால் அந்த அடைப்புக்குள் ஒரே காற்று திரும்பத் திரும்பச் சுற்றும். அடைப்பின் பின்பலகையைக் கழற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பூட்டு வேண்டுமானால் முன்பக்கத்தில் பலகைக்குப் பதில் கம்பி வலை அடிக்கலாம். தச்சு வேலை தெரிந்த பெற்றோர் ஒருவர் ஒரு சனிக்கிழமையில் செய்துவிடுவார். அப்புறம், தவணை விடுமுறையில் அறையை மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். எங்கள் பக்கத்து மூடுபனியில் ஓடாமல் கிடக்கும் கணினியில் ஈரம் ஏறும், பூஞ்சணம் பிடிக்கும், முனைகள் கறுக்கும். வாரத்துக்கு ஒரு தடவை திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டால் அதன் சொந்தச் சூடே அதை உலர்த்திவிடும். பிளாஸ்டிக் உறையை அணைத்து ஆறிய பிறகு போடலாம், ஓடும்போது கட்டாயம் எடுத்துவிட வேண்டும்.

வீட்டில் யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. மெல்லிய டிஷூ தாளில் ஒரு கீற்றுக் கிழித்து, கணினி ஓடும்போது ஒவ்வொரு துளைக்கும் அருகில் பிடியுங்கள். முன்பக்கத்தில் தாள் கேசிங்கை நோக்கி இழுபட வேண்டும். பின்னால் பவர் சப்ளை வலைக்கு அருகில் வெளியே தள்ளப்பட வேண்டும். இரண்டு இடத்திலும் தாள் அசையவே இல்லை என்றால் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. சில நல்ல பவர் சப்ளைகளில் சுமை குறைவாக இருக்கும்போது விசிறி சுற்றாமல் நிற்கும், அப்படிப்பட்டதாக இருந்தால் ஏதாவது பாரமான வேலையைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தாய்மாரே செய்யலாம், என்னைப் போன்றவர்களைக் கூப்பிடத் தேவையில்லை.

கணினி விற்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்க வருகிறவரிடம் கணினியை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். தரையிலா, மேசையிலா, அடுப்புப் பக்கமா. பதிலைக் கேட்டுவிட்டு விசிறியின் பக்கத்தைத் தீர்மானியுங்கள். உத்தரவாதக் காலத்தில் திரும்பி வரும் பவர் சப்ளைகள் உங்களுக்கும்தான் குறையும்.

உங்களிடம் ஆசிரியரே, நான் கேட்பது சின்ன உதவி. சாதாரண தரம், உயர்தரப் பிள்ளைகளுக்கான பக்கத்தில் ஒரு படம் போடுங்கள்: அடியில் பவர் சப்ளை உள்ள கேசிங் ஒன்று, மேலே பவர் சப்ளை உள்ள கேசிங் ஒன்று, காற்று போகும் வழிக்கு அம்புக்குறி, விசிறியின் முகம், சுவருக்கு விட வேண்டிய இடைவெளி. வெட்டி மேசைக்கு மேல் ஒட்டிவைக்கிற அளவில் இருந்தால் நல்லது. பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன், நீங்கள் சம்மதித்தால் அடுத்த தபாலிலேயே அனுப்பிவிடுகிறேன். அடுத்த தவணை தொடங்க முன் வந்தால் பாடசாலைகளுக்கும் உதவும்.

நன்றி.

இப்படிக்கு,
கணினி திருத்துநர் ஒருவர்,
ஹட்டன்.